அன்று ஏழு மணிக்கு நிலா

கட்டுப் போட்ட முழங்காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, கணினித் திரையில் நீண்டுகொண்டே போன நிபந்தனைகளை அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்க்கும் மென்பொருள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நட்சத்திரம், கோள், வால்மீன் எல்லாவற்றையும் பார்க்கலாமாம். எந்த நாளின் வானத்தையும் பார்க்கலாமாம். இலவசமாம். அந்தக் கடைசிச் சொல்தான் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. நிபந்தனைகளில் எங்காவது ஓர் ஓரத்தில், பொடி எழுத்தில், இந்த இலவசத்தின் வால் வெளியே தெரியாமல் போகாது என்று அவர் தேடினார். கடைசி வரிவரை வந்துவிட்டார். ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

"ஏங்க, இன்னுமா படிக்கிறீங்க? பரிட்சையா எழுதப் போறீங்க?" மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டாள். அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. காத்திருந்த யாரோ ஒருவர் கைபேசியில் காட்டிய மென்பொருளைக் கேட்டுக்கொண்டு வந்து கணினியில் இறக்கி வைத்தவள் அவள்தான்.

"எலி அம்மணமா ஓடுதுன்னா காரணம் இல்லாம இருக்காது. இவ்வளவு வேலை பாத்து ஒருத்தன் சும்மா குடுப்பானா?"

"குடுக்குறான். நாலு பேரு சேந்து ஆசைக்குப் பண்ணியிருக்காங்க. உலகத்துல அப்படியும் ஆளுங்க இருக்காங்க. நான் வரவரைக்கும் அந்த நட்சத்திரத்தையாவது விசாரிங்க. பால்காரரை விட்டுருங்க, பாவம்."

விசாரிப்பது அவருடைய தொழில். விபத்தில் அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, உரிமையாளர் சொல்லும் கதையும் காரில் விழுந்திருக்கும் பள்ளமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். நாய் குறுக்கே வந்தது என்பார்கள். பள்ளம் கம்பத்தின் உயரத்தில் இருக்கும். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் அவர் அதைப் பதக்கம்போல மார்பில் குத்திக்கொண்டு திரிந்தார். போன வாரம் ஒரு பட்டறையில் காருக்கு அடியில் குனிந்து பார்க்கப் போய், தரையில் கிடந்த எண்ணெயில் வழுக்கி முழங்கால் பெயர்ந்துவிட்டது. எண்ணெய் தானாகச் சிந்தியதா, யாராவது சிந்தி வைத்தார்களா என்பதில் அவருக்கு இன்னும் ஐயம் உண்டு. வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில் சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதிலிருந்து, மாடி வீட்டுக்காரர் ஏன் திடீரென்று வணக்கம் சொல்கிறார் என்பதுவரை எல்லாவற்றையும் துருவிவிட்டார். மனைவிக்கு வேறு வழி தெரியவில்லை. வானத்தைக் காட்டிவிட்டாள்.

மென்பொருள் திறந்ததும் முதல் காரியமாக ஒரு கேள்வி கேட்டது: உங்கள் இருப்பிடத்தை அறிந்துகொள்ள அனுமதிக்கிறீர்களா?

அவர் முகத்தில் வெற்றிப் புன்னகை வந்தது. பார்த்தாயா, வந்துவிட்டது வால்! நட்சத்திரம் காட்டுகிறவனுக்கு நான் எந்தத் தெருவில் குடியிருக்கிறேன் என்று தெரிந்து என்ன ஆக வேண்டும்? கூடாது என்பதை அழுத்தினார். ஒரு பாதுகாப்புக்கு, கணினியின் கேமராக் கண்ணில் முழங்காலுக்கு ஒட்டியதுபோக மிச்சமிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டினார். மென்பொருள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு புல்வெளியையும் அதன் மேல் பகல் வானத்தையும் விரித்துக் காட்டியது. வெளியேயும் பகல்தான். சரி, ஆரம்பத்தில் பொய் சொல்லவில்லை.

கீழே ஒரு வரிசைப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் திசைகள் வந்தன. இன்னொன்றை அழுத்தினால் நட்சத்திரங்களுக்குப் பெயர் முளைத்தது. வேறொன்றை அழுத்தியதும் வானத்தின் நீலம் மொத்தமாகக் கழன்று விழுந்து, நடுப்பகலில் கறுப்பு வானமும் கொத்துக் கொத்தாக நட்சத்திரங்களும் நின்றன. அது காற்று மண்டலத்தை எடுத்துவிடும் பொத்தான் என்று பிறகு தெரிந்தது. அவருக்கு ஒரு கணம் வாய் திறந்துவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டார். அழகாகக் காட்டுகிறவனிடம்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கலாம் என்று சுவரில் தொங்கிய நாட்காட்டியை மனைவியின் துணிக்கொடிக் கம்பால் எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முந்தின மாதத்துப் பௌர்ணமி, அதற்கு முந்தின மாதத்து அமாவாசை, வருடத்தின் முதல் பௌர்ணமி என்று ஒவ்வொன்றாகத் தேதி கொடுத்துக் கேட்டார். அத்தனையும் நாட்காட்டியோடு அச்சு மாறாமல் பொருந்தின. மடக்கி மடக்கிக் கேட்டும் மாட்டாத சாட்சி. பகல் உணவைக்கூட மறந்து அவர் அந்தப் பெட்டியை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

எந்த நாளின் வானத்தையும் கேட்கலாம் என்றால், அந்த ஒரு நாளையும் கேட்கலாம். இது அவருக்கு மெல்ல உறைத்தது. உறைத்ததும் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகியது.

அம்மா இறந்தது ஆறு வருடத்துக்கு முன்னால், அண்ணன் வீட்டில். அப்போதும் இப்போதும் அண்ணன் இருப்பது பேருந்தில் அரை நாள் தொலைவில் உள்ள ஊரில். குளிர்சாதனப் பெட்டிகள் ரிப்பேர் பார்க்கிறவர். பேச்சும் அவர் கையைப் போலவே நிதானம். அன்று இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. இவர் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அண்ணன் அன்று சொன்னதைத்தான் ஒவ்வொரு வருடமும் சொல்வார். சாயங்காலம் ஏழு மணிவாக்கில் அம்மா ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். எதிர்க் கட்டடத்துக்கு மேலே முழு நிலா. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சின்னவனும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான் இல்லையா என்று கேட்டார். அப்புறம் கண்ணை மூடியவர் திறக்கவில்லை.

அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவர் இந்த ஆறு வருடத்தை எப்படிக் கடந்திருப்பார் என்று சொல்ல முடியாது. கூட இல்லாத மகனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஆறுதல் தருகிற எதையும் அவர் திருப்பிப் போட்டுப் பார்க்காமல் விட்டதில்லையே. அம்மாவா இப்படிப் பேசினார்? அம்மாவுக்கு நிலா என்றால் துணி காயாத நேரம், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கொஞ்சக்கூட வாய் வராமல், சாப்பிட்டியா என்ற கேள்வியிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிடுகிற பெண்மணி. அவர் வாயில் நிலாவும் சின்னவனும் ஒன்றாக வருவது, காரின் புத்தம்புதுக் கதவில் பழைய பெயிண்ட் கீறல் இருப்பதைப் போல எங்கோ இடித்தது. அதோடு, இன்னொன்று. அண்ணன் ஏன் முன்னதாகவே கூப்பிடவில்லை? திடீரென்று ஆகிவிட்டது என்பார். திடீரென்று ஆகிறவருக்கு நிலா பார்க்க நேரம் எங்கிருந்து வந்தது?

கேட்டாரா, அம்மா தன்னைக் கேட்டாரா? அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தேதியைக் கொடுத்தார். நேரம், மாலை ஏழு. நிலாவைத் தேடச் சொன்னார்.

திரை கிழக்கே சுழன்று, கீழே இறங்கி, புல்வெளிக்கும் கீழே போய் நின்றது. நிலா, பௌர்ணமி. அடிவானத்துக்குக் கீழே.

நேரத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஏழரை. எட்டு. ஒன்பது. பத்தரைக்கு மேல்தான் புல்லின் விளிம்பில் நிலா தலைகாட்டியது. அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஜன்னலும் இல்லை, நிலாவும் இல்லை. பூதக்கண்ணாடி நாற்காலியில் சாய்ந்தார். தொழிலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! பொய் சொல்கிறவன் தேதியைச் சரியாகத்தான் வைத்திருப்பான், நேரத்தில் கோட்டை விடுவான். அண்ணன் பௌர்ணமி என்பதை மட்டும் பார்த்துக்கொண்டார். நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று பார்க்கவில்லை. நகரத்துச் சுவர்களுக்குள்ளேயே வளர்ந்த இவருக்கும் அதுவரை நிலா உதிக்கும் நேரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தினம் ஒரு நேரத்தில் வரும் என்பதோடு சரி. ஆனால் இனித் தெரிய வேண்டியதில்லை, சாட்சி கையில் இருக்கிறது. பொய்யைப் பிடித்தபோது வழக்கமாக வருகிற துள்ளல் வந்தது. ஆனால் கை, திரையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி வைத்தது.

சாயங்காலம் மனைவி வந்து, அடுத்த வாரத்து நோயாளிகளுக்குத் தகவல் அனுப்பக் கணினியை எடுத்துக்கொண்டாள். வானம் எப்படி இருந்தது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். அவர் எதையாவது பரவாயில்லை என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அடுப்படிக்குப் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முழங்காலைப் பார்க்க அண்ணன் வருவதாக முன்பே சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து இறங்கினார். தம்பியின் கால் கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே சமையலறைக்குப் போய், கேட்காமலே குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் ஓடுது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாகத் தம்பியின் கையில் வைத்தார். சின்ன வயதில் அப்படித்தான் செய்வார். பூதக்கண்ணாடி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே, பட்டறைகளில் செய்வதைப் போல, முதலில் எதிராளியைக் கதை சொல்ல விட்டார்.

"அண்ணா, அன்னைக்கு அம்மாவுக்கு நடந்தத இன்னொரு தடவ சொல்லேன்."

"இப்ப எதுக்குடா அது?"

"சும்மாதான். கேக்கணும்போல இருக்கு."

அண்ணன் சொன்னார். ஏழு மணி, ஜன்னல், எதிர்க் கட்டடம், முழு நிலா, சின்னவனும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. உண்மை சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வான். பொய்க்குத்தான் மனப்பாடம் வேண்டும். பூதக்கண்ணாடி கணினியை அண்ணன் பக்கம் திருப்பினார். முந்தின நாள் செய்ததைப் போலவே காற்று மண்டலத்தை எடுத்துவிட்டு, தேதியைக் கொடுத்தார், நேரத்தைக் கொடுத்தார். திரை புல்வெளிக்குக் கீழே போய் நின்றது.

"நிலா அன்னைக்குப் பத்தரைக்கு மேலதான் வந்திருக்கு. ஏழு மணிக்கு நிலாவே இல்லண்ணா."

அண்ணன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை வெகு நேரம் பார்த்தார். தான் ஒத்துக்கொள்ள முடியாத ஒரு பாகத்தை யாரோ பெட்டிக்குள் பொருத்தியிருப்பதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்குப் பாத்த மாதிரிதான்டா ஞாபகம்" என்றார் கடைசியில். "ஆனா வருஷமாயிடுச்சு. கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அப்போ அம்மா அப்படிச் சொன்னதா நீ சொன்னது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அண்ணன் கையிலிருந்த ஆரஞ்சுத் தோலை நான்காக, எட்டாக மடித்தார்.

"சொல்லலடா."

பூதக்கண்ணாடி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி பிரித்த காரை மூடிவிட்டு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. "அப்போ ஏன் எனக்கு முன்னாடியே போன் பண்ணல?" என்று கேட்டார்.

"எடுத்தேன்டா போனை" என்றார் அண்ணன். "காலையிலயே டாக்டர் சொல்லிட்டாரு, இன்னைக்குத் தாண்டாதுன்னு. நான் உனக்கு அடிக்கலாம்னு போனை எடுத்தேன். அம்மா கையப் புடிச்சிட்டாங்க. வேணாம்டா, அவன் வந்தா கேள்வி கேப்பான்னாங்க. எந்த மாத்திரை, யாரு எழுதுனா, ஏன் நேத்தே காட்டலன்னு ஆரம்பிப்பான், பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல, கொஞ்சம் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்னாங்க."

தம்பியின் முகத்தைப் பார்த்த அண்ணன் பதறிக்கொண்டு தொடர்ந்தார். "உன்மேல கோவமெல்லாம் இல்லடா. களைச்சுப் போயிருந்தாங்க, அவ்வளவுதான். நீ வந்து இறங்குனதும் செருப்பக்கூட கழட்டாம, என்னக் கேட்டாங்களான்னு கேட்ட. உன் மூஞ்சிய பாத்துட்டு நான் என்னத்தச் சொல்றது? வாய்ல வந்தத சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நீ அதையே கேட்ட, நான் அதையே சொன்னேன்."

மனைவி தேநீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். சாப்பாட்டின்போது அண்ணன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுப்பதைப் பற்றியும், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் குறட்டை விட்டவரைப் பற்றியும் பேசினார். வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார். வாசலில் நின்று தம்பியின் தோளில் கை வைத்து எதையோ சொல்ல வந்து, கால ஊனாத என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பூதக்கண்ணாடி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஒரு பொய்க்குள் சுகமாக இருந்தவரை யாரும் கையைப் பிடித்து வெளியே இழுக்கவில்லை. அவரே கதவை உடைத்துக்கொண்டு வந்தார். எல்லாம் அந்த இலவசத்தால் வந்த வினை. சும்மா கொடுத்தது கடைசியில் எதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது பார்! எழுந்து, சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே கணினியிடம் போனார். அதை அழித்துவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது, தெருவிளக்கு எரிந்தது. அழிப்பதற்கு முன் எதற்காகவோ ஒரு முறை திறந்தார்.

பளிச்சென்று நீல வானம். புல்வெளிக்கு மேலே சூரியன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். கணினியின் கடிகாரத்தைப் பார்த்தார், ஏழு என்றது. ஜன்னலைப் பார்த்தார், இருட்டு. மறுபடி திரையைப் பார்த்தார், வெயில். பிறகு, நிபந்தனைகளில் பொடி எழுத்தைத் தேடிய அதே கண், திரையின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஓர் ஊரின் பெயரைக் கண்டது. கடல்களுக்கு அப்பால், இவர் கேள்விப்பட்டே இராத ஊர். இருப்பிடத்தைச் சொல்ல மாட்டேன் என்றவருக்கு, அது நேரத்தை மட்டும் இந்தக் கணினியின் கடிகாரப்படி எடுத்துக்கொண்டு, தன்னைச் செய்தவர்களின் ஊர் வானத்தைக் காட்டியிருக்கிறது. நேற்றும் இன்று பகலிலும் இங்கே பகல், அங்கேயும் பகல், வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தேதியைக் கேட்டபோதெல்லாம் காற்று மண்டலத்தை எடுத்துவிட்டிருந்ததால், கறுப்பு வானத்தில் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு கிழக்கே திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் அந்த ஊர்ச் சூரியன் காய்ந்துகொண்டிருந்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பட்டியலில் அண்ணனின் ஊரைத் தேடி எடுத்தார். அந்தத் தேதி. மாலை ஏழு.

தேட வேண்டியிருக்கவில்லை. கிழக்கே, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், முழுதாக, மஞ்சளாக நிலா நின்றது.

அண்ணன் சொன்னதில் நிலா மெய். பெட்டிக்குப் பயந்து அந்த மனிதர் தன் கண்ணால் கண்டதையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நேற்று மென்பொருள் இருப்பிடத்தைக் கேட்டபோது இவர் பதில் சொல்லியிருந்தால், இதே நிலா இதே இடத்தில் வந்து நின்றிருக்கும். அண்ணன் வார்த்தை அப்பழுக்கில்லாதது என்று நம்பி, அம்மா தன்னைக் கேட்டார் என்ற நினைப்போடு சாகும்வரை இருந்திருப்பார். தப்பான வானம்தான் அவருக்கு உண்மையைச் சொன்னது. இனி அதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கடையும் இல்லை.

கைபேசியை எடுத்து அண்ணனுக்கு அடித்தார். பேருந்தின் உறுமலுக்கு நடுவே அண்ணனின் குரல் கேட்டது.

"என்னடா? கால் வலிக்குதா?"

"இல்லண்ணா. நிலா இருந்துச்சு."

"என்னது?"

"நான்தான் ஊரை மாத்தி வெச்சுப் பாத்துட்டேன். தப்பு என்னோடது. அன்னைக்கு ஏழு மணிக்கு நிலா இருந்துச்சுண்ணா."

அண்ணன் சின்னப் பையனைப்போலச் சொன்னார்: "இருந்துச்சுல்ல? எதிர்க் கட்டடத்துக்கு மேலதான்டா இருந்துச்சு. ஜன்னல நான்தான் திறந்து வெச்சேன்."

அம்மா பார்த்தாரா? கேள்வி அவர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கண் திறந்திருந்ததா, முகம் எந்தப் பக்கம் இருந்தது, வெளிச்சம் கட்டில்வரை வந்ததா? ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்து பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. அண்ணனும் அவற்றுக்காகக் காத்திருப்பதைப்போல இருந்தது.

"பாத்துப் போண்ணா" என்றார் அவர்.

"சரிடா" என்றார் அண்ணன். ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை. இவரும் துண்டிக்கவில்லை. காதில் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அந்த மாலையின் நேரம், அவர் எதையும் தொடாமலே, நொடி நொடியாக நகர்ந்துகொண்டிருந்தது. ஆள் இல்லாத புல்வெளிக்கு மேலே நிலா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக, ஏறிக்கொண்டிருந்தது.